சேறு படிந்த சிறு வண்டி

அட்டைப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் போர் வண்டி செய்யும் வழக்கம் நம் மாணவரிடையேயும் காணப்படுகின்றது. பெற்றோர் பலர் இதனை வீண் செலவு என்கின்றனர். போர்க் கருவியைப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக்குவது தகுமா என வினவுவாரும் உளர். இவ்விரண்டும் எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்விகளல்ல. பெட்டியில் உள்ளவாறே ஒட்டி, பளபளவென்று வண்ணம் பூசி, அலமாரியில் வைத்துவிடும் பிள்ளை பெரிதாக எதனையும் கற்பதில்லை என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆனால், அதே வண்டியின்மேல் புழுதியும் சேறும் துருவும் எங்கெங்கே படிய வேண்டும் என்று எண்ணத் தொடங்கும் பிள்ளை வரலாறு படிக்கத் தொடங்கிவிடுகின்றது. எந்த நாட்டில், எந்தச் சாலையில், எத்தனை நாள் ஓடியது என்பதை அறியாமல் ஒரு வண்டியின் அழுக்கைத் தீட்ட இயலாது.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஜெர்மானிய டாங்கிகளையே விரும்பி வாங்குகின்றனர். உருசியப் பனியும் ஆப்பிரிக்க மணலும் அவர்களுக்குப் படங்களின் வழியே பழக்கமாகிவிட்டன. நம் தோட்டங்களின் ஓரமாகவே ஓடிய டாங்கிகளை அவர்கள் அறியார். சப்பானியரின் 95-ஆம் வகை இலகு டாங்கியை, ‘ஹாகோ’ எனப்படுவதை, நாம் பரிந்துரைக்கின்றோம். அதன் எடை 7.4 டன், நீளம் 4.38 மீட்டர், உள்ளே இருப்போர் மூவர். சுழலும் மேற்கூண்டில் ஒருவருக்கே இடமுண்டு. கட்டளையிடுபவரும், குண்டு நிரப்புபவரும், குறி பார்த்துச் சுடுபவரும் அவரே.

1941 டிசம்பர் 8-இல் சப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது, மலாயாவைக் காத்து நின்ற படையிடம் ஒரு டாங்கிகூட இல்லை. 1942 ஜனவரி 7-இல், பொழுது விடியுமுன், நிலவொளியில் ஏறத்தாழ முப்பது டாங்கிகள் பேராக்கின் தென்பகுதியிலுள்ள துரோலாக்கில் புகுந்தன. 97-ஆம் வகை நடுத்தர டாங்கிகளும் 95-ஆம் வகை இலகு டாங்கிகளும் அவ்வணியில் இருந்தன. நெடுஞ்சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுச் சாலைகள் அங்கே கிடந்தன. அவற்றின் வழியே சுற்றிச் சென்று காவலரண்களைப் பின்புறமிருந்து தாக்கின. அன்று காலைக்குள் சிலிம் ஆற்றுப் பாலம் அவர்கள் கைக்குச் சென்றது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம் சில மணி நேரத்திற்குள் கடக்கப்பட்டது. பதினோராம் இந்தியப் படைப்பிரிவின் இரு பிரிகேடுகள் சிதறின. நான்கே நாளில், ஜனவரி 11-இல், கோலாலம்பூர் வீழ்ந்தது.

இனி, இவ்வண்டியை 35-இல் ஒரு பங்காகச் செய்யும் மாணவன் கணக்கிட்டுப் பார்க்கட்டும். நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஓர் எழுதுகோலைவிடச் சிறிது. உண்மை வண்டியின் மிகத் தடித்த இரும்புக் கவசம் 12 மில்லிமீட்டர்தான். அதனை 35-ஆல் வகுத்தால் 0.34 மில்லிமீட்டர் வரும். பெட்டியிலுள்ள பிளாஸ்டிக் தகடோ ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்தது. ஆகவே, அளவுக்கு அளவு பார்த்தால் மேசைமேல் நிற்கும் பொம்மையே உண்மை வண்டியைவிட வலிய கவசம் உடையது! வகுத்தல் கணக்கை இதனினும் இனிமையாகக் கற்பிக்கும் பாடம் வேறொன்றை நாம் கண்டதில்லை. அத்துணை மெல்லிய இரும்பே அன்று போதுமானதாயிற்று என்றால், எதிர் நின்றோர் எவ்வளவு குறைந்த கருவிகளோடு நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதும் அக்கணக்கிலேயே விளங்கும்.

அழுக்கேற்றும் வேலைக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலோர் அளவு மீறுகின்றனர். வண்டி முழுதும் துருவைப் பூசிவிட்டால் அழகாயிருக்கும் என்பது ஒரு மயக்கம். நாள்தோறும் ஓடும் வண்டியின் உடல் எங்கும் துருவேறி இருப்பதில்லை. புகைக்குழாயைச் சுற்றித் துரு தீட்டலாம். அங்கே வெப்பத்தால் வண்ணம் வெந்து உதிர்கின்றது. டீசல் புகையின் கரி அதன் வாயருகே படியட்டும். சங்கிலிப் பட்டையோ தார்ச்சாலையில் உரசி உரசித் தேய்ந்தது. தரையைத் தொடும் விளிம்புகள் வெள்ளி போல மின்ன வேண்டும், இடுக்குகள் மட்டும் பழுப்பாக இருக்கலாம். நெடுஞ்சாலையை விட்டுத் தோட்டச் சாலையில் இறங்கியபோது ஒட்டிய செம்மண் கீழ்ப்பகுதியில் படிந்திருக்கும். ஈரச் செம்மண் கருஞ்சிவப்பு. காய்ந்த செம்மண் வெளிறிய நிறம். இரண்டையும் ஒரே வண்ணத்தால் தீட்டுபவன் நம் மண்ணை உற்று நோக்காதவன்! வீரர்கள் கால் வைத்து ஏறும் இடங்களில் புழுதி துடைபட்டிருக்கும். முனைகளில் வண்ணம் தேய்ந்து இரும்பு தெரியும்.

இவற்றிற்கெல்லாம் விலையுயர்ந்த பொருள்கள் வேண்டுவதில்லை. நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தைத் தூரிகையால் தொட்டுவிட்டால் அது தானே மூலைகளைத் தேடி ஓடி நிழல் போல் தங்கிவிடும். வகுப்பறைச் சுண்ணக்கட்டியைப் பொடித்தால் புழுதி கிடைக்கும். துணியில் சலித்த செம்மண்ணை வெள்ளைப் பசையோடு குழைத்தால் சேறு கிடைக்கும். வண்ணம் உரிந்த தோற்றத்திற்கு மற்றொரு வழியுண்டு. முதலில் இரும்பு நிறம் பூசி, அதன்மேல் இரப்பர்ப் பாலை ஆங்காங்கே சிறு புள்ளிகளாக வைத்து உலரவிட வேண்டும். மேல்வண்ணம் பூசிக் காய்ந்தபின் அப்புள்ளிகளை விரலால் உருட்டி எடுத்தால் அடியிலுள்ள இரும்பு நிறம் வெளிப்படும். இதற்கென்று கடைகளில் சிறு புட்டிகளில் விற்கப்படுவதும் அம்மோனியா கலந்த இரப்பர்ப் பாலே. மங்கிலிருந்து வாளிக்குப் பால் சேர்த்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாடை புதிதன்று. கத்தி கொண்டு துண்டுகளை வெட்டும்போது மட்டும் பெரியவர் ஒருவர் அருகிருத்தல் நலம். வண்ணக் கரைப்பான்களைச் சன்னல் திறந்த அறையிலேயே கையாள வேண்டும்.

சிலர் வண்டியின்மேல் சிவப்பு மையைத் தெளித்து இரத்தம் என்கின்றனர். அதனை நாம் விரும்பவில்லை. அது திரைப்படம் பார்த்த கண்ணின் வேலை. போரைப் பற்றிய உண்மையைச் சொல்ல வேண்டுமாயின், வண்டியின் அருகே ஒரு மனிதரை நிறுத்தினால் போதும். அவர் போர்வீரராக இருக்க வேண்டுவதில்லை. இதே படைதான் பின்னர் நம் தோட்டங்களிலிருந்து ஆள்களைத் திரட்டிச் சயாமுக்கு அனுப்பிற்று. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண இரயில் பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அங்குச் சென்ற பல்லாயிரக்கணக்கான தமிழர் திரும்பவில்லை. இதனை அறிந்த பிள்ளை அந்த டாங்கியைக் கண்டு வெறுமனே வியந்து நிற்கமாட்டாது. போர்ப் பொம்மை கெடுதல் செய்யும் என அஞ்சும் பெற்றோருக்கு நாம் கூறும் விடை இதுவே. பளபளக்கும் பொம்மையைக் கண்டு அஞ்சுங்கள். அழுக்கின் காரணத்தைக் கேட்டுத் தெரிந்து தீட்டிய பொம்மைக்கு அஞ்ச வேண்டா.

அந்த மனிதரைப் பால்வெட்டுத் தொழிலாளியாகச் செய்யுமாறு மாணவரைக் கேட்டுக்கொள்கின்றோம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் இவ்வளவில் நாலரைச் சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருப்பார். இருபது மீட்டர் உயர்ந்த இரப்பர் மரமோ 57 சென்டிமீட்டர் உயரும். அடிமரம் மட்டும் செய்தாலே போதும். மரத்தில் வெட்டுக்கோடு இட்டு, அதன்கீழ் ஒரு மங்கும் கட்ட வேண்டும். அந்த மங்கில் வெள்ளைப் பால் நிற்க வேண்டுமா, காய்ந்த ஒட்டுப்பாலா, அன்றி வெறும் மழைநீரா? டாங்கி சென்ற அந்த வாரத்தில் தோட்டங்களில் பால்வெட்டு நடந்ததா, துரைமார் ஓடிய பிறகு யார் பிரட்டுக்குப் பேர் கூப்பிட்டார், லயத்தில் அரிசி இருந்ததா என்பனவற்றை எந்தப் பெட்டியின் விளக்கத்தாளும் கூறாது. அன்று பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அத்தகைய தாத்தாவோ பாட்டியோ வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருப்பின், மங்குக்கு வண்ணம் பூசுமுன் அவரிடம் கேட்டு வாருங்கள்.