சுசானின் நாலு பட்டங்களை யார் அழிச்சது?

ஒவ்வொரு வருசமும் பிரெஞ்ச் பகிரங்க டெனிஸ் தொடங்கினால் எங்கட ஹொஸ்டல் கொமன் ரூமில ஒரே சண்டைதான். ஆர் பெரிய ஆள்? உடனே போன் வெளியில வரும், கிராண்ட் ஸ்லாம் எண்ணிக்கை சத்தமா வாசிக்கப்படும், கதை முடிஞ்சிடும். எண்ணிக்கைக்கு மேல பேச்சில்லை. ஒருநாள் நான் கேட்டன்: "அந்தப் பட்டியலை ஆர் போட்டது?" எல்லாரும் சிரிச்சாங்கள். "கலைப்பீடத்துக்காரனுக்கு எல்லாத்திலயும் கேள்வி" எண்டு ஒருத்தன் சொன்னான். சரி, அந்தக் கேள்வியை இங்க ஆறுதலாக் கேட்கிறன்.

இரண்டு இறுதிப் போட்டிகளைப் பாருங்கோ. 1923இல், பரிசுக்குப் பக்கத்தில சென் க்ளூ என்ற இடத்தில், ஸ்டாட் பிரான்சே கழகத்தின் களிமண் தரையில் பிரான்சின் சுசான் லெங்லென் இங்கிலாந்தின் கிற்றி மக்கேனைத் தோற்கடிக்கிறார். 1925இல் அதே கழகம், அதே களிமண், அதே இரண்டு பெண்கள், அதே முடிவு. இரண்டாவது வெற்றி கிராண்ட் ஸ்லாம் பட்டம். முதலாவது? பட்டியலில் இல்லை.

ஏனென்றால் 1923இல் நடந்த போட்டியின் பெயர் வேறு. அதுதான் உலக ஹார்ட் கோர்ட் சம்பியன்ஷிப். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்றைக்கு ஹார்ட் கோர்ட் என்றால் அவுஸ்திரேலியாவிலும் நியூயோர்க்கிலும் இருக்கிற நீலத் தரைதான் ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் புல் இல்லாத வெளித்தரைக்கே அந்தப் பெயர். சென் க்ளூவில் இருந்தது களிமண். 1912 தொடக்கம் 1914 வரையும், பிறகு 1920 தொடக்கம் 1923 வரையும் மொத்தம் ஏழு தடவை நடந்தது. 1922இல் மட்டும் பிரசெல்சுக்குப் போனது. இடையில் ஐந்து வருசத்தைப் போர் தின்றுவிட்டது.

"பிரெஞ்ச் பகிரங்கம் 1891இலேயே தொடங்கிவிட்டதே, பிறகு இது என்ன?" எண்டு கேட்பீங்கள். இங்கதான் விசயமே இருக்கு. 1891இல் தொடங்கியது பிரெஞ்சுக் கழகங்களின் உறுப்பினர்களுக்கு மட்டுமான போட்டி. முதல் வருசம் ஒரே நாளில் முடிஞ்சுது. 1925 வரைக்கும் வெளிநாட்டு வீரர் ஒருவர் பிரெஞ்சுக் கழகமொன்றில் உறுப்பினராக இல்லாமல் அதில் விளையாட முடியாது. அந்த 34 வருசத்தில், உலக வீரர்கள் வந்து மோதின களிமண் போட்டி சென் க்ளூவில்தான் நடந்தது. ஆனால் இன்றைக்கு ரோலான் கரோஸ் தன்ர வயசை 1891இலிருந்து எண்ணுது. உள்வீட்டுப் போட்டியின் பிறந்த திகதியை எடுத்துக்கொண்டாங்கள், உலகப் போட்டியின் வெற்றியாளர்களை வாசலிலேயே விட்டுட்டாங்கள்.

இதில் அதிகம் இழந்தவர் சுசான். 1914, 1921, 1922, 1923 என நாலு தடவை அவர் உலகக் களிமண் சம்பியன். அதில் மூன்று வருசம் உறுப்பினர்களுக்கான பிரெஞ்சுப் போட்டியையும் அவரே வென்றார். ரோலான் கரோசின் வெற்றியாளர் வரிசையில் இருப்பது அந்த உள்வீட்டு வெற்றிகள். வெளிநாட்டாரை வென்ற பட்டங்கள் அங்க இல்லை! பெரும்பாலான கிராண்ட் ஸ்லாம் கணக்கில் அவருக்குக் கிடைப்பது எட்டு: விம்பிள்டன் ஆறு, 1925உம் 1926உம் சேர்ந்து பிரெஞ்ச் இரண்டு. இந்த நாலையும் சேர்த்தால் பன்னிரண்டு.

1914ஐத் தனியாச் சொல்ல வேணும். அப்போது சுசானுக்கு 15 வயது பிறந்து சில நாட்கள்தான். பெரிய ஒற்றையர் பட்டத்தை மிக இளவயதில் வென்றவர் யார் என்று வினாடி வினாவில் கேட்டால், 1887இல் விம்பிள்டன் வென்ற லொட்டி டொட் என்று பதில் வரும். அவருக்கு அப்போது 15 வயதும் 285 நாட்களும். சுசான் அவரை விடச் சின்னவர். ஆனால் அவர் வென்ற போட்டிக்கு இப்ப ஆளில்லை. அதனால் பதிலும் மாறவில்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "அது உண்மையான உலகப் போட்டியா? அமெரிக்காவின் முன்னணி ஆட்கள் எல்லாரும் எல்லா வருசமும் வரவில்லையே." உண்மை. இன்னுமொன்றையும் நானே சொல்லுறன்: 1912இல் ஆண்கள் பட்டத்தை வென்ற ஒட்டோ புரொய்ட்ஸ்ஹைம் ஜேர்மன்காரர், 1913இல் பெண்கள் பட்டத்தை வென்ற மீக்கன் ரீக்கும் அப்படியே. போருக்குப் பிறகு ஜேர்மனியரை வெளியில் வைத்துவிட்டுத்தான் "உலக" சம்பியன்ஷிப் நடந்தது. அந்தப் பெயருக்குள் பொய் இருந்தது.

ஆனால் இதே அளவுகோலை மற்றப் போட்டிகளுக்கும் வையுங்கோ பாப்பம். 1906இல் அவுஸ்திரலேசிய சம்பியன்ஷிப் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் நடந்தது. விளையாடினது பத்தே பத்துப் பேர். வென்றவர் அந்த ஊர்க்காரரான அன்ரனி வில்டிங். அது இன்றைக்கு கிராண்ட் ஸ்லாம் பட்டம். அதே வில்டிங் 1913இலும் 1914இலும் சென் க்ளூவில் ஐரோப்பாவின் பெரிய ஆட்களை வென்றது கணக்கிலேயே இல்லை. 1915 மே மாதம், 31 வயதில், பிரான்சின் போர்முனையில் அவர் செத்துப்போனார். தன்ர பட்டத்துக்காகக் கதைக்க அவர் இருக்கவில்லை. பத்துப் பேர் விளையாடின போட்டி பெரிசு, உலகக் களிமண் போட்டி சின்னது எண்டால், அது தரத்தைப் பார்த்துப் போட்ட கணக்கில்லை. எந்தப் போட்டி இன்றைக்கும் உயிரோட இருக்கு என்று பார்த்துப் போட்ட கணக்கு.

அது செத்ததும் தானாக இல்லை. 1913 மார்ச் 1ஆம் திகதி பரிசில் சர்வதேசப் புற்தரை டெனிஸ் சம்மேளனம் உருவானபோது, புற்தரையின் உலகப் பட்டம் விம்பிள்டனுக்கு, களிமண்ணின் உலகப் பட்டம் பிரான்சுக்கு என்று பங்கு பிரித்தாங்கள். பிரித்தானியாவுக்கு மட்டும் நிரந்தரமாக உலகப் பட்டம் கொடுப்பதை அமெரிக்கா ஏற்கவில்லை, சம்மேளனத்தில் சேரவும் இல்லை. 1923இல் சமரசம் வந்தது. உலகப் பட்டங்கள் ஒழிக்கப்பட்டன, அமெரிக்கா உள்ளே வந்தது, பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா, அவுஸ்திரேலியா என்ற நாலு நாடுகளின் போட்டிகள் உத்தியோகபூர்வமாகின. சமரசத்தில் எனக்குக் கோபமில்லை, டெனிசுக்கு அது நல்லதாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் இனி நடத்துவதில்லை என்று முடிவெடுப்பது ஒன்று, ஏற்கனவே வென்றவர்களை எண்ணாமல் விடுவது இன்னொன்று. மேசையைச் சுற்றி இருந்து செய்த ஒப்பந்தத்துக்கு மைதானத்தில் ஓடினவர்கள் ஏன் விலை கொடுக்க வேணும்?

இன்றைக்கு ரோலான் கரோசில் பெண்கள் ஒற்றையர் சம்பியனுக்குக் கொடுக்கும் கிண்ணத்தின் பெயர் சுசான் லெங்லென் கிண்ணம். அங்குள்ள இரண்டாவது பெரிய மைதானத்துக்கும் அவர் பெயர்தான். பெயர் வேணும், நாலு பட்டம் வேண்டாமாம்.

எண்கள் பக்கச்சார்பு இல்லாதவை என்று நம்பித்தான் கொமன் ரூமில் கதையை முடிக்கிறம். ஆனால் எதை எண்ணுவது என்று யாரோ ஒருத்தர் முதலில் முடிவெடுத்திருக்கிறார். வரலாறு படிச்சு என்ன செய்யப்போறாய் எண்டு கேட்கிறவங்களுக்கு என்ர பதில் அதுதான்: அந்த ஆளைத் தேடப்போறன். அடுத்த முறை நீங்கள் போனை எடுத்து எண்ணிக்கை வாசிக்கும்போது, சுசானுக்கு எட்டு எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டாதேங்கோ. சென் க்ளூவில் மூண்டு, பிரசெல்சில் ஒண்டு எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ.