சத்தம் போடுறவன் முந்த மாட்டான்

ஏப்ரல் வந்தால் பூ பார்க்கவும் குதிரைப் பந்தயம் பார்க்கவும் நுவரெலியாவுக்கு ஆட்கள் வருவார்கள். நாங்கள் வேறு கூட்டம். விடியக்காலையில் பஸ் பிடித்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, மாகஸ்தோட்டைச் சரிவில் தேயிலைக்கு நடுவே இடம் பிடித்து, கார் ஏறி வருவதைப் பார்க்கிற கூட்டம். 1934இல் தொடங்கிய ஹில் கிளைம்ப் அது. நிற்கிற இடத்திலிருந்து கிளம்பி, வளைந்து வளைந்து மேலே போய், யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்பதுதான் போட்டி.

அங்கே எப்போதும் ஒரு காட்சி நடக்கும். ஒரு கார் ஸ்டார்ட்டிங் கோட்டில் நின்று உறுமும். கிளச்சை விட்டதும் டயர் அலறும், புகை கிளம்பும், கூட்டம் விசிலடிக்கும். அடுத்து வருகிற கார் பெரிய சத்தமில்லாமல், டயரைக் கொஞ்சமே கொஞ்சம் முனக விட்டு, சட்டென்று போய்விடும். அதற்கு யாரும் விசிலடிக்க மாட்டார்கள். நேரத்தை அறிவித்ததும் பார்த்தால் அந்த ரெண்டாவது கார்தான் முந்தியிருக்கும்.

ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற நம்ம பொடியங்க மனசில் நிற்பது முதல் கார். அடுத்த மாசமே பழைய சிவிக்குக்கோ லான்சருக்கோ பெரிய சைலன்ஸர் வரும், 17 இஞ்சி ரிம் வரும், போனட்டில் ஸ்டிக்கர் வரும். இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறோம். கார் பைத்தியம் பிடித்தவர்களை எதிர்த்து இல்லை, நாங்களும் அதே பைத்தியங்கள்தான்.

எங்கள் வாதம் இதுதான். நிற்கிற கார் வேகமாகக் கிளம்புவதைத் தீர்மானிப்பது டயரும் இடது காலும். எஞ்சின் சக்தி அங்கே கடைசி வரிசையில் நிற்கிறது.

நம்பாதவர்களுக்கு ஒரு கணக்கு. 1000 கிலோ எடையுள்ள, முன் சக்கரம் இழுக்கிற சாதாரண 1600 சிசி கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் டார்க் 150 நியூட்டன் மீற்றர். முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதை 14 மடங்கு வரை பெருக்கும். வழியில் இழப்பதைக் கழித்துவிட்டு, டயரின் ஆரத்தால் வகுத்தால், சாலையில் அந்தச் சக்கரங்கள் தள்ளப் பார்க்கிற விசை ஏறக்குறைய 600 கிலோ. அதைச் சாலை வாங்கிக்கொள்ளுமா? கார் முன்னால் பாயும்போது பாரம் பின்னுக்குச் சாயும். ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் சாயும். முன் சக்கரங்களின் மேல் மிஞ்சுவது 500 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயர் அந்தப் பாரத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடிக்கும் என்று வைத்தால் 430, 440 கிலோ வரும். பனி இறங்கி ரோடு நனைந்திருந்தால் 300.

600 கிலோ தள்ளத் தயாராக இருக்கிற எஞ்சினுக்கு டயர் தருகிற இடம் 430தான். மிச்சமெல்லாம் புகையாகப் போகிறது. இந்த நிலையில் எஞ்சினை இன்னும் பெரிதாக்கினால் என்ன நடக்கும்? இன்னும் கொஞ்சம் புகை வரும், அவ்வளவுதான்.

"ஆனா நம்ம ஊர் உயரத்துல எஞ்சின் இழுக்காதே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,850 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கொழும்போடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அதே அளவு சக்தியை இழக்கும். கார்புரேட்டர் வண்டியென்றால் பெட்ரோல் கூடிப்போய் பிளக் கறுக்கும். சரி, 600இல் ஆறில் ஒரு பங்கைக் கழியுங்கள். 500 வருகிறது. டயர் பிடிப்பது அப்போதும் 430தான்.

மேலே போகப் போக, ரெண்டாம் மூன்றாம் கியரில் சக்திக்கு வேலை வரும். அதை மறுக்கவில்லை. ஆனால் கோட்டில் இழந்ததை மேலே பிடிப்பது கஷ்டம். டிராக் ரேஸ்காரர்கள் முதல் 60 அடிக்குத் தனியாக நேரம் எடுப்பது சும்மா இல்லை.

அப்படியென்றால் கையில் இருக்கிற காசை எங்கே போடுவது? முதலில் டயருக்கு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். இறுகிய டயரைப் போட்டுக்கொண்டு எஞ்சினுக்குச் செலவழிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணி எடுக்கிற கதை. அடுத்தது எஞ்சின் மவுண்ட். அது தேய்ந்திருந்தால் கிளம்பும்போது முன்பக்கம் குதிக்கும், குதிக்கிற சக்கரம் பிடிக்காது. பிறகு எடை. டிக்கியில் கிடக்கிற ஸ்பீக்கர் பெட்டியை இறக்குவதற்குக் காசே தேவையில்லை. இதற்கெல்லாம் மேலே காசு மிஞ்சினால் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைப் பற்றி யோசிக்கலாம். ஒரு சக்கரம் ஈர இலையில் ஏறினால், சாதாரண டிஃபரன்ஷியல் அந்த ஒரு சக்கரத்தைச் சுழல விட்டு மற்றதைச் சும்மா வைத்திருக்கும்.

பெரிய ரிம் இதற்கு நேர் எதிர். சுழல வேண்டிய எடை கூடுகிறது. டயரின் மொத்த உயரமும் கூடினால் முதல் கியரின் இழுவையே குறைந்துவிடும். ஃப்ளைவீலைச் செதுக்கி மெலிதாக்குவதும் இங்கே உதவாது. எஞ்சின் சட்டென்று ஏறும், உண்மை. ஆனால் கிளச் பிடிக்கிற நொடியில் கைகொடுக்கச் சேமிப்பு இல்லாமல் அதே வேகத்தில் இறங்கி அமுங்கும்.

இனி இடது கால். கிளச் என்பது போடவும் அணைக்கவும் உள்ள சுவிட்ச் இல்லை. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினை 3000 சுற்றுக்குக் கொண்டுவந்து, கிளச் கடிக்கத் தொடங்குகிற புள்ளியில் காலை நிறுத்த வேண்டும். வண்டி முன்னால் போகத் துடிக்கும்போது ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். அதற்குப் பிறகும் காலை முழுசாக எடுக்கக் கூடாது. ஒரு செக்கன், ஒன்றரைச் செக்கன் அந்த அரைக் கிளச்சிலேயே வைத்து, சக்கரத்தின் வேகமும் எஞ்சினின் வேகமும் சேர்ந்த பிறகே விட வேண்டும். டயர் லேசாக முனகினால் சரி. அலறினால் வலது காலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ரப்பர் கூடுதலாகப் பிடிப்பது பத்து, பதினைந்து வீதம் வழுக்குகிறபோதுதான். அதைத் தாண்டினால் பிடி விழும். 2500, 3000, 3500 என்று மாற்றி மாற்றிப் பார்த்து, முதல் 20 மீற்றருக்கு எடுத்த நேரத்தைக் கொப்பியில் எழுதி வைத்தால் உங்கள் வண்டிக்கு ஏற்ற இலக்கம் தெரிந்துவிடும். நடுநடுவே கிளச்சை ஆற விடுங்கள், கருகிய வாசம் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஃபார்முலா ஒன்றிலேயே 2008இலிருந்து டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்குத் தடை. டயர் வழுக்கினால் கம்ப்யூட்டர் வந்து காப்பாற்றாது. உலகத்திலேயே விலை கூடின கார்களில் கூட அந்த நொடி மனுஷனிடம்தான் இருக்கிறது.

அந்த நொடியை நன்றாக அறிந்தவர்கள் நம்ம தோட்டத்திலேயே இருக்கிறார்கள். கொழுந்து லொறி ஓட்டுகிற அண்ணன்மாரைப் பாருங்கள். மழையில் ஊறின ரோடு, மூட்டை மூட்டையாகப் பாரம், கொண்டை ஊசி வளைவின் நடுவில் எதிரே பஸ். நிறுத்திவிட்டு மறுபடி ஏற வேண்டும். சக்கரம் சுழன்றால் லொறி பின்னால் போகும், பின்னால் பள்ளம். அவர் அரைக் கிளச்சில் லொறியை ஒரு அங்குலம் நகர விடாமல் பிடித்து, இழுக்கிறபோது வழுக்காமல் ஏற்றுகிறார். நாளுக்குப் பத்துத் தடவை செய்கிறார். நாங்கள் அதை டிரைவர் வேலை என்கிறோம், மாகஸ்தோட்டையில் ஒருவர் செய்தால் திறமை என்கிறோம். சைலன்ஸர் விற்கிற கடைக்குப் போகிற முதல் ஆள், அந்த அண்ணனிடம் போய் "அண்ணே, கிளச்ச எப்படிப் பிடிக்கிறீங்க?" என்று கேட்டால் என்ன குறைந்துபோகும்?

இதில் காசுக் கதையும் இருக்கிறது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருசத்தில் பழைய கார்கள் தங்க விலைக்குப் போயின. கொழும்பில் கடையில் நின்று சம்பாதித்ததையும் அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்ததையும் போட்டு ஒரு வண்டி வாங்கிய பொடியனிடம் "பவர் கூட்டு" என்று சொல்லிக் காசு வாங்குவதை நாங்கள் வியாபாரம் என்று சொல்ல மாட்டோம்.

காசை விடப் பெரியது உயிர். ரதல்ல என்ற பெயர் ரேஸ் பைத்தியங்களுக்கு ஹில் கிளைம்பை ஞாபகப்படுத்தும். மற்ற எல்லாருக்கும் 2023 ஜனவரி 20ஐ ஞாபகப்படுத்தும். அன்றைக்கு அந்தச் சரிவில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் போனார்கள். அது ரேஸ் இல்லை, சாதாரணப் பயணம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற, அம்மாமார் கொழுந்துக் கூடையோடு ஓரமாக நடக்கிற இந்த ரோடுகளில் ஸ்டார்ட் பழகுகிறவன் வீரன் இல்லை. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. அங்கேயும் ஏழு உயிர், அதில் ஒரு சின்னப் பிள்ளை. பந்தயப் பாதையிலேயே இப்படியென்றால் பிள்ளைகள் நடக்கிற ரோட்டில் என்ன நடக்கும்?

"அப்ப எங்கதான் பழகுறது?" என்பது நியாயமான கேள்வி. அதைப் போட்டி நடத்துகிறவர்களிடமும், தோட்ட நிர்வாகங்களிடமும், நம்ம மக்கள் பிரதிநிதிகளிடமும் கேட்க வேண்டும். ஏப்ரலில் பந்தயத்துக்காகத் தோட்ட ரோட்டை மூட முடிகிறது. வருசத்தில் இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகளில், மருத்துவ வண்டியும் தடுப்பும் வைத்து, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பழகுவதற்காக மூட முடியாதா? கொடி காட்டவும், மெக்கானிக்காக நிற்கவும், வண்டி ஓட்டவும் பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க முடியாதா? அடுத்த ஏப்ரலில் சரிவில் நிற்கிற நம்ம ஆட்களை எண்ணிப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட்டிங் கோட்டில் நிற்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். எங்கள் கேள்விக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அதுவரைக்கும் சைலன்ஸர் கடைக்குப் போகிற வழியில் ஒரு நிமிசம் நில்லுங்கள். குனிந்து உங்கள் டயரில் இருக்கிற அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள்.