வேரைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் யோசனை

ஆனையூர்க் கண்மாய்க் கரையில் தினமும் காலையில் நடக்கிற நாங்கள் நான்கு பேரும் பென்ஷன்காரர்கள். நடையைவிடப் பேச்சுதான் அதிகம். சென்ற வாரப் பேச்சு, ஒருவர் செல்போனில் காட்டிய பழைய பத்திரிகைப் படம் ஒன்றில் தொடங்கியது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழ்நாடு அரசு தன் செலவில் அழைத்து வந்து ஊர் சுற்றிக் காட்டுகிறதல்லவா, ‘வேர்களைத் தேடி’ என்று? அந்தப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம்.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் சட்டென்று சொன்னார்: “என்ன சார் இது, நம்ம வீட்டுப் பிள்ளைக இன்ஜினியரிங் முடிச்சிட்டு வேலை இல்லாம உக்காந்திருக்கு. டாலர்ல சம்பாதிக்கிறவன் பிள்ளைக்கு நம்ம வரிப் பணத்துல டூர் எதுக்கு?” மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வாய்ப்பேச்சில் உடனே பதில் வராது. முப்பத்தைந்து வருஷம் கோப்பில் குறிப்பு எழுதியே பழகியவன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயம் இதுதான். 2023 மே மாதம் முதலமைச்சர் சிங்கப்பூர் போயிருந்தபோது இந்தத் திட்டத்தை அறிவித்தார். 18 முதல் 30 வயது வரை உள்ள அயலகத் தமிழ் இளைஞர்கள், ஆண்டுக்கு 200 பேர் என்பது கணக்கு. முதல் குழு அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் வந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை, கீழடி என்று காட்டி அனுப்புகிறார்கள்.

இது நம் அரசு மட்டும் கண்டுபிடித்த வழி அல்ல. வெளிநாட்டு இளைஞர்களில் நாளைக்குப் பொறுப்புக்கு வரக்கூடியவர்களைப் பார்த்து அழைத்து ஊரைக் காட்டும் வேலையை அமெரிக்கா 1940-லிருந்து செய்துவருகிறது. ஸ்பெயின் நாடு, அமெரிக்காவில் வாழும் தன் மொழிவழி வந்த இளம் தலைவர்களை அழைத்துப் போய் மாட்ரிட்டைக் காட்டி, ‘உன் பாட்டன் பேசிய மொழி இங்கிருந்து வந்தது’ என்று உறவு கொண்டாடுகிறது. மத்திய அரசுக்கும் இந்திய வம்சாவளி இளைஞர்களுக்கென்று இப்படி ஒரு திட்டம் பல வருஷங்களாக உண்டு. எல்லா நாடும் செய்வது ஒன்றுதான்: தூரத்தில் இருக்கும் பங்காளியை விட்டுவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வது. அதில் சுயநலம் உண்டு. அந்தச் சுயநலத்தை நான் தப்பு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நண்பர் சொன்ன ‘டாலர்’ என்ற சொல்லுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். வருகிற பிள்ளைகளின் நாட்டுப் பட்டியலைப் பார்த்தால் ஆஸ்திரேலியா, கனடா மட்டும் இல்லை. ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் என்ற பெயர்களும் இருக்கின்றன. மூன்றும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருக்கும் தீவுகள். அங்கே இருக்கும் தமிழர் யாரும் கம்ப்யூட்டர் படித்து விமானம் ஏறிப் போனவர்களின் பிள்ளைகள் அல்ல. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் போன கூலிகளின் வம்சம்.

இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் பிறந்தது காரைக்காலில். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது நான் சிறு பையன். சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. நடுவில் இருந்த வருஷங்களிலும் அதற்குப் பிறகும் என் படிப்பு பிரெஞ்சு வழியிலேயே நடந்தது. அப்பா காலமான பிறகு மதுரையில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு வந்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனேன். ஆபீசில் என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். பிரெஞ்சு எதற்கும் உதவவில்லை. உதவாது என்றே எழுபது வயது வரை நினைத்திருந்தேன்.

1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். தோட்டத்தில் வேலை செய்ய ஆள் வேண்டுமே! புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஆள் ஏற்றினார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பிலும் முதல் தொகுதி ஆட்களை இறக்கியது. 1861-ல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை ஆனபின் உள்நாட்டு ஜில்லாக்களிலிருந்தும் ஆள் பிடிக்க அனுமதி வந்தது. 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 பேர் போனார்கள். நடுவில் 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் வேறு. நம் பாட்டிமார் பேசக் கேட்டிருப்பீர்கள். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

இனி என் சொந்த அனுபவம். இரண்டு வருஷம் முன்பு, புதூரில் விடுதி நடத்தும் உறவுக்காரப் பையன் போன் செய்தான்: “தாத்தா, ஒருத்தர் வந்திருக்கார். பார்த்தா நம்ம ஆளு மாதிரி இருக்கார், ஒரு வார்த்தை தமிழ் தெரியலை. இங்கிலீஷும் திக்குது. பிரெஞ்சு மாதிரி இருக்கு, வர்றீங்களா?” போனேன். இருபத்தைந்து வயசு இருக்கும். கறுத்த, ஒல்லியான தம்பி. குவாதலூப்பில் பள்ளி ஆசிரியர். அரசு அழைத்தோ குழுவோடோ வரவில்லை, சம்பளத்தைச் சேர்த்துவைத்து வந்திருக்கிறார். நான் “போன்ழூர்” என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. நாலு நாளாக யாரோடும் சரியாகப் பேசவில்லையாம்.

செல்போனில் ஒரு காகிதத்தின் படம் வைத்திருந்தார். கூலிகளைப் பதிந்த பழைய பேரேட்டின் ஒரு வரி. வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது 22, ஏறிய துறை காரைக்கால், ஜில்லா மதுரை, பிறகு ஊர். அந்த ஊரைத்தான் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கேட்ட இடமெல்லாம் ‘அவுசிலம்பட்டி’ என்று வாசித்து, அப்படி ஓர் ஊரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சில் ‘உ’ என்ற ஒலியை எழுத ‘ஓ’, ‘யூ’ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துப் போடவேண்டும். ஒன்றாம் வகுப்புப் பாடம். ஆங்கிலம் படித்தவர் அதை ‘அவு’ என்றுதான் வாசிப்பார். “தம்பி, இது உசிலம்பட்டி. பஸ்ஸில் ஒரு மணி நேரம்” என்றேன். என் பிரெஞ்சுப் படிப்புக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் வேலை அதுதான்.

பெயர் ‘விராப்பேன்’ என்று இருந்தது. வீரப்பன் என்பதை அந்தக் காலத்து பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அந்தத் தீவில் அது குடும்பப் பெயர். இப்படித்தான் முத்துசாமி ‘மூத்தூசாமி’ ஆனார். எர்னஸ்ட் மூத்தூசாமி என்பவர் 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினர். சிதம்பரம் ‘சிதாம்பரோம்’ ஆனார். ஆன்றி சிதாம்பரோம் 1863-ல் குவாதலூப்பில் பிறந்தவர். 1904-ல் இந்தியக் கூலிகளின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வழக்குப் போட்டார். அங்கேயே பிறந்தாலும் அவர்கள் பிரெஞ்சுக் குடிகள் இல்லை என்றது சர்க்கார். விடாமல் நின்று 1923-ல் ஜெயித்தார். ஒரு பட்டியலில் பெயர் ஏற்ற 19 வருஷம்!

மறுநாள் காலையில் தம்பியை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கோபுரத்தைப் பார்த்தார், படம் எடுத்தார். ஆனால் அவர் கேட்டது வேறு: “மால்தெவிலேன் எங்கே?” எனக்குப் புரியவில்லை. அவர் ஊர்க் கோயிலில் மாரியம்மனுக்குப் பக்கத்தில் குதிரைமேல் இருப்பாராம், கையில் வாளாம். அப்புறம்தான் பொறிதட்டியது. மதுரை வீரன்! கிழக்குக் கோபுரத்துப் பக்கம் இருக்கும் சந்நிதியில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தத் தம்பி செருப்பில்லாத காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாத்தாவிடம் கேட்டு மனப்பாடம் செய்த ஒரு பாட்டை மெதுவாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஐந்தாறு சொல் பிடிபட்டது. தமிழ்தான். பொருள் அவருக்கும் தெரியாது, எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. நூற்றைம்பது வருஷம் பொருள் தெரியாமலேயே ஒரு பாட்டைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டி போனோம். சினிமாவில் வருவதுபோல் ஒன்றும் நடக்கவில்லை. டீக்கடையில் கூடியவர்கள் விசாரித்தார்கள். “வீரப்பனா? இங்க தெருவுக்கு நாலு வீரப்பன் இருக்காகளே அப்பு, எந்த வீரப்பன்?” என்றார் ஒரு பெரியவர். தம்பிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஊரில் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னால்தான் புரியுமாம். இங்கே அது தெருவுக்கு நாலு. அது போதும் என்றார்.

நண்பருக்கு என் பதில் இதுதான். இந்த வம்சத்துப் பிள்ளைகள் நம்மிடம் தானம் வாங்க வரவில்லை. பஞ்சத்தில் நாம் சோறு போட்டுக் காப்பாற்ற முடியாமல் கப்பலேற விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டு வாரச் சாப்பாடு அந்தக் கணக்கில் வட்டிக்குக்கூடக் காணாது. திட்டம் நல்ல திட்டம், நடக்கட்டும்.

ஆனால் எனக்கும் ஒரு குறை உண்டு. கோபுரமும் கீழடிப் பானையும் எல்லாத் தமிழனுக்கும் பொது. அதைக் காட்டினால் பெருமை வரும். வேர் என்பது அதைவிடச் சின்ன விஷயம்: ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு குலசாமி. அது பஸ் ஜன்னலில் தெரியாது. ஒரு குமாஸ்தாவாக மூன்று யோசனை சொல்கிறேன்.

ஒன்று, பிள்ளைகள் விமானம் ஏறுவதற்கு முன்பே வீட்டில் இருக்கும் மிகப் பழைய காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிரான்சில் எக்ஸான்புரோவான்ஸ் ஊரில் காலனிகளின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. எழும்பூரில் நம் ஆவணக் காப்பகம் இருக்கிறது. காகிதத்தில் உள்ள ஊர் எது என்று முன்கூட்டியே தேடி வையுங்கள்.

இரண்டு, இரண்டு வாரத்தில் இரண்டு நாள் அந்தந்தத் தாலுகாவில், ஹோட்டலில் அல்ல, ஒரு வீட்டில் தங்க வையுங்கள். சொந்தம் கிடைக்காமல் போகலாம். தெருவுக்கு நாலு வீரப்பன் கிடைப்பார்கள்.

மூன்று, நண்பரின் மனக்குறைக்கு மருந்து. வருகிற ஒவ்வொருவரோடும் அந்தத் தாலுகாவில் படிக்கும் ஒரு பிள்ளையைச் சேர்த்து அனுப்புங்கள். அவர்களில் சிலரை அடுத்த வருஷம் அந்தத் தீவுகளுக்கு அனுப்புங்கள். உறவு என்றால் போக்கும் வேண்டும், வரவும் வேண்டும். வரவு மட்டும் இருந்தால் அது விருந்து.

இதில் அவசரம் ஒன்று உண்டு. பழைய பிரெஞ்சு எழுத்தில் மறைந்திருக்கும் தமிழ் ஊரை வாசிக்க, இரண்டு மொழியும் சின்ன வயதிலேயே ஊறியவர்கள் வேண்டும். இன்றைக்கும் பிள்ளைகள் பிரெஞ்சு படிக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் எங்களைப்போல் வகுப்பில் அதையும் வாசலில் இதையும் பேசி வளர்ந்தவர்களுக்கு எழுபது தாண்டிவிட்டது. என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த ஐந்து பேரில் மிச்சம் நானும் இன்னொருவரும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இன்னும் எத்தனையோ பேர் திண்ணையில் சும்மா இருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம், ஒரு மேசை போட்டுக் காகிதத்தைக் கொடுத்தால் போதும்.

இதில் எனக்குச் சொந்தக் கடன் ஒன்றும் இருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கடைநிலை ஊழியரின் பணிப் பதிவேட்டை நகல் எடுத்தபோது, ‘முத்தையா’ என்பதை ‘முத்தையன்’ என்று எழுதிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. பல வருஷம் கழித்து அவர் இறந்தார். அந்த ஓர் எழுத்தால் அவர் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்குப் பதினான்கு மாதம் அலைந்தார். என் கையெழுத்துத்தான் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

வீரப்பனை விராப்பேன் என்று எழுதினவனும் என்னைப்போல் ஒரு குமாஸ்தாதான். மத்தியான வெயிலில், துறைமுகத்தில், நீண்ட வரிசையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்திருப்பான். அவன் செய்த பிழையைத் திருத்த எனக்கு ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. கை நடுங்காமல் இருக்கும்வரை இன்னும் சில காகிதங்களைப் பார்க்க ஆசை. நாளைக் காலை கண்மாய்க் கரையில் நண்பரிடம் இதைப் படித்துக் காட்டப் போகிறேன்.