சூலகித்தி நரசம்மா அம்மையார்

பேறு பார்க்கும் மருத்துவச்சியைக் கன்னடத்தில் ‘சூலகித்தி’ என்பர். ‘சூல்’ என்பது நம் தமிழிலும் வழங்கும் சொல்லே. ரிச்சர்ட்ஸ் டவுனில் பல்லாண்டு குடியிருந்தும் கன்னடம் நாவில் ஏறவில்லை என்று குறைபடும் நம்மவர் இதனைக் கருதுவாராக. அத்தொழிற்பெயரையே தம் பெயரின் முன் தாங்கி வாழ்ந்த முதுபெருந்தாய் ஒருவரைப் பற்றி இத்திங்கள் எழுத விழைகின்றோம்.

நரசம்மா அம்மையார் 1920-ஆம் ஆண்டு பிறந்தவர். தும்கூர் மாவட்டம் பாவகடை வட்டத்துக் கிருஷ்ணாபுரத்தில் வாழ்ந்தவர். பாவகடை கருநாடகத்தைச் சேர்ந்ததாயினும் பெரும்பாலும் ஆந்திர எல்லையால் சூழப்பட்டது. வானம் பொய்த்து வறண்ட பூமி. அம்மையாரின் வாழ்நாளில் அவ்வூரை இருப்புப்பாதை எட்டவில்லை. அவர் தாய்மொழி தெலுங்கு, எழுத்தறியாதவர். பன்னிரண்டாம் வயதிலேயே அஞ்சினப்பா என்பாருக்கு மணம் செய்விக்கப்பட்டார். மருத்துவச்சியாயிருந்த தம் பாட்டியாருக்குத் துணைநின்று, கண்டும் தொட்டும் பயின்றதே அவர் கல்வி. அப்பக்கம் வந்துபோன நாடோடி மக்களிடம் பச்சிலை மருந்துகளைக் கேட்டறிந்தார். இருபதாம் வயதில் உறவினர் ஒருவருக்குத் தனித்து நின்று பேறு பார்த்தார். வயிற்றைத் தொட்டே குழந்தையின் தலை எப்பக்கம் என்று சொல்லிவிடுவாராம்.

அன்று தொட்டு எழுபதாண்டுக்கு மேலாக அவர் பார்த்த பேறுகள் 15,000-க்கு மேல் என்பர். கூலி பெற்றிலர். கணக்கெழுதிப் பழகிய கையாதலின் நாம் வகுத்துப் பார்த்தோம்: ஆண்டுக்கு இருநூறுக்கு மேல், வாரத்துக்கு நான்கு! இதனிடையே தாமும் பன்னிரண்டு மக்களைப் பெற்றார். நால்வரை இளமையிலேயே பறிகொடுத்தார். தம் வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டே பிறர் வீட்டு வாயிலுக்கு நடந்த இரவுகளும் இருந்திருக்க வேண்டும். பிள்ளையை மண்ணிலிட்ட தாய், அடுத்த வீட்டுப் பிள்ளையை ஏந்த எங்ஙனம் மீண்டும் கை நீட்டினார் என்பதே நம்மை மலைக்க வைக்கின்றது.

2014-இல் தும்கூர்ப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 2018-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவ்வாண்டே டிசம்பர் 25-ஆம் நாள், நம் பெங்களூரில் மருத்துவமனையொன்றில், 98-ஆம் வயதில் காலமானார். விருது வர எழுபதாண்டுக்கு மேல் ஆயிற்று. பாவகடைத் தாய்மார் அவ்வளவு நாள் காத்திருந்தா அவரைப் போற்றினர்?

இனி நம் வீட்டுச் செய்தி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடித்து மகளை அழைத்துச் செல்லும் தந்தையர் கன்டோன்மென்ட் நிலையத்தில் காட்பாடிக்கும் சேலத்துக்கும் சீட்டுக் கேட்டு நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். இரண்டாம் பேறோ பெரும்பாலும் இங்கேயே. மருத்துவமனையில் பிள்ளை பெறுவதே நன்று. அதில் நமக்கு ஐயமில்லை. குருதிப்பெருக்கும் வலிப்பும் கைப்பக்குவத்துக்கு அடங்குவன அல்ல. ஆனால் மூன்றாம் நாள் வீடு திரும்பியபின்? கணவர் அலுவலகத்தில்; அன்னை ஊரில்; மூத்த குழந்தை காலைக் கட்டி அழுகின்றது. பச்சை உடம்புக்காரி தானே எழுந்து அடுப்பை மூட்டுகிறாள். பத்தியச் சோறு ஆக்கவும், பிள்ளையைக் காலிற்கிடத்தி நீராட்டவும், ‘அழாதே, பால் சுரக்கும்’ என்று அருகிலிருந்து சொல்லவும் ஒருவரில்லை.

நம் தெருக்களில் ஓய்வுபெற்ற செவிலியரும், பல பேறு கண்ட மூதாட்டியரும் இல்லாமலில்லை. இன்ன தெருவில் இன்னார் என்றறியாமையால் உதவி கேட்பாரில்லை, அவ்வளவே. சங்கத்து மாதர் பகுதியினர் அன்னாரின் பெயர்களை ஓர் ஏட்டில் குறித்து வைத்தல் வேண்டும். அண்டை வீட்டுக் கன்னட அம்மையாரோ தெலுங்கு அம்மையாரோ முன்வரினும் தயங்காது சேர்க்கலாம். உதவ விரும்பும் தாய்மார் அடுத்த மாதக் கூட்டத்தன்று செயலரிடம் பெயரும் தெருவும் தெரிவிப்பாராக. பகலில் வர இயலுமா, இரவில் தங்க இயலுமா என்பதையும் உடன் குறிப்பிடுவது நலம்.