இருட்டைப் பழகியவர்களும் குளிரைப் படித்தவர்களும்

2013 டிசம்பர் 21 இரவு ரொறன்ரோவில் பெய்தது மழைதான், பனியல்ல. மேலே சற்றுச் சூடான காற்று. நிலத்தை ஒட்டி உறைநிலைக்குக் கீழான காற்று. அதனூடாக விழுந்த துளி எதைத் தொட்டதோ அதன்மேலேயே கண்ணாடிபோல உறைந்தது. பாரம் தாங்காமல் முறிந்த மரக்கிளைகள் மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. நகரில் ஏறக்குறைய 300,000 மின்பாவனையாளர்களுக்கு மின்சாரம் இல்லை. நத்தார் நாளிலும் பல்லாயிரம் வீடுகள் இருளில்தான் இருந்தன.

ஸ்காபரோவில் எங்கள் வீடு 11ஆம் மாடியில். எனக்கு அப்போது 19 வயது. லிப்ற் நின்றது. தண்ணீர் ஏற்றும் பம்பியும் நின்றது. என் வயதுப் பெடியள் போத்தல் தண்ணீரைப் படியேறிச் சுமந்தோம். காருக்குள் இருந்து எல்லோருடைய கைத்தொலைபேசிகளுக்கும் சார்ஜ் ஏற்றினோம்.

பெற்றோர் கலங்கவில்லை. 1990 இலிருந்து பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சோதனை பாஸ் பண்ணிய கதையை அப்பா மறுபடியும் சொன்னார். இரண்டாம் இரவு அம்மம்மாவின் கைகால் விறைக்கத் தொடங்கியதும், பல்கனியில் இருந்த பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவந்து கரி மூட்டப் போனார். (அதை அங்கே வைத்திருந்ததே கட்டட விதிக்கு மாறானது, அது வேறு கதை.)

"வேண்டாம் அப்பா, அது ஆளைக் கொல்லும்."

"ஊரில கரியிலயும் சமைச்சனாங்கள்தானே. ஆர் செத்தது?"

அவர் சொன்னது பொய்யல்ல. ஊர்க் குசினி ஓட்டு இடுக்காலும் புகைக்கூட்டாலும் மூச்சுவிடும். கனடா வீடு குளிர் புகாதபடி அடைத்துக் கட்டப்பட்டது. கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அந்த நாட்களில் ஒன்ராறியோவில் அந்த வாயுவால் உயிர்கள் போயின.

'போரையே கண்டனாங்கள், இது என்ன பெரிசு' என்ற பேச்சை இன்றும் கேட்கிறேன். பாதிதான் ஒத்துக்கொள்வேன். இருட்டைச் சமாளிக்க அவர்களுக்குத் தெரியும். அடைத்த வீட்டுக்குள் குளிரைச் சமாளிக்கும் அறிவு, இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளிடம்தான் இருந்தது. எங்கள் கட்டட வாசலில் ஒட்டிய எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும். மாடி மாடியாகக் கதவு தட்டி அதைத் தமிழில் சொன்னவர்கள் பதின்ம வயதினர். ஒரு நகரத்தின் பாதுகாப்பு ஏற்பாட்டில் இந்தப் பிள்ளைகளின் வேலை எந்தக் கணக்கில் வரும்? வளர்ந்த பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்விட்ட வீடுகளில் யார் சொல்வது?

நகரசபை வெப்ப நிலையங்களைத் திறந்திருந்தது. அம்மம்மா வரமாட்டேன் என்றார். "முகாமில இருந்தது காணும்." அந்தச் சொல்லுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, கதிரையில் இருத்தி நாலு பெடியள் 11 மாடியும் இறக்கினோம். எட்டாம் மாடியில் களைத்துப்போய் நின்றபோது ஒரு கதவைத் தட்டினோம், வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடு. திறக்கவில்லை. மகள் வந்து அவர்களைக் கூட்டிப்போன செய்தி மாலையில்தான் தெரிந்தது.