மாநாட்டில் பேசப்போகும் சகோதரிக்கு



சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருவர் தன் உம்மாவுடன் எமது வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஆசிரியராகச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் என்னிடம் படித்தவர். இப்போது ஒரு பிரதேச சபை நூலகத்தில் 11 வருடங்களாகப் பணிபுரிகிறார். கையில் ஒரு தடித்த கோவை வைத்திருந்தார். கொழும்பில் நடைபெறவுள்ள நூலகர்களின் மாநாடொன்றில் கட்டுரை சமர்ப்பித்துப் பேச அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது.

சந்தோஷமான செய்தியல்லவா? ஆனால் அவருடைய முகத்தில் அந்தச் சந்தோஷத்தைக் காணவில்லை.

“ஹஸரத், வரமாட்டேன் என்று எழுதிவிடலாமா என்று பார்க்கிறேன். இல்லாவிட்டால் எங்கட ஸேரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாமா?” என்று கேட்டார்.

உங்களில் பலர் ஆசிரியைகள். சிலர் பாடசாலைகளில் ஆசிரிய நூலகராகவும் கடமையாற்றுகிறீர்கள். இன்றில்லாவிட்டாலும் ஒரு நாள் இப்படியொரு கடிதம் உங்கள் கைக்கும் வரலாம். அதனால்தான் அன்று எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். நூலகத் துறை எனக்குத் தெரியாது. மேடை எனக்குத் தெரியும். மேடையில் செய்யக் கூடாதவை எவை என்பது அதைவிட நன்றாகத் தெரியும்!

கோவையைத் திறந்தேன். தட்டச்சு செய்த 22 பக்கங்கள். முதல் பக்கத்தில் அலெக்சாந்திரியா நூலகம். இரண்டாம் பக்கத்தில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவும், 1258இல் மங்கோலியர் அந்நகரை அழித்ததும். நான்காம் பக்கத்தில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும், அதில் சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதும். அதன்பின் நூலகம் என்றால் என்ன, வாசிப்பு என்றால் என்ன என்று வரைவிலக்கணங்கள் வரிசையாக நின்றன.

இவற்றில் எதுவும் பொய்யல்ல. யாழ்ப்பாண நூலகத்தை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. ஆனால் கேட்கப்போகிறவர்கள் யார்? அத்தனை பேரும் நூலகர்கள். யாழ் நூலகம் எரிந்த கதை தெரியாத ஒரு நூலகர் இந்த நாட்டில் இருப்பாரா? அவர்களுக்கு வாசிப்பின் வரைவிலக்கணம் சொல்வது, பேக்கரிக்காரர்களின் கூட்டத்தில் பாண் என்றால் என்ன என்று விளக்குவது போலத்தான்.

அவரை நான் குறை சொல்லவில்லை. பைத்துல் ஹிக்மாவில் தொடங்குவது எங்கள் கூட்டத்தாரின் பழைய வியாதி. நானும் அந்த நோயாளிதான். ஒரு பரிசளிப்பு விழாவில் எனக்கு 20 நிமிடங்கள் தந்தார்கள். முன்னுரை முடியவே 18 நிமிடங்கள் போய்விட்டன. தலைவர் துண்டுச் சீட்டு ஒன்றை நீட்டினார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தேன். இரண்டாவது துண்டும் வந்தது. நான் இறங்கியபோது பரிசு வாங்க வந்த சின்னப் பிள்ளைகளில் பாதிப்பேர் உம்மாமாரின் மடியில் உறங்கிப் போயிருந்தார்கள்.

கோவையை மூடிவிட்டுக் கேட்டேன்: “இதையெல்லாம் விடுங்க. நீங்க என்னத்தைக் கண்டீங்க?”

பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் சொல்லத் தொடங்கினார். இரவல் பதிவேட்டை ஒரு நாள் பொறுமையாகப் புரட்டியிருக்கிறார். சிறுவர் டிக்கட்டுகளில் தையல் நூல்களும், சமையல் நூல்களும், நாவல்களும் போயிருந்தன. “எட்டு வயசுப் பொடியன் கர்ப்ப காலப் பராமரிப்பு வாசிக்கவா ஹஸரத் கொண்டு போறான்? உம்மாமார் பிள்ளைகளை அனுப்பி எடுப்பிக்கிறாங்க” என்றார்.

ஏன் அப்படி? அந்த நூலகத்தில் வளர்ந்தோர் அங்கத்துவம் பெறுவதற்கு விண்ணப்பத்தில் வரியிறுப்பாளர் ஒருவர் பிணை நின்று கையொப்பமிட வேண்டும். கிராம சேவகரிடமும் போய்வர வேண்டும். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்காக அலைய நேரமில்லாததால் அந்தத் தாய்மார் விட்டுவிட்டார்கள். பிள்ளையின் அட்டைக்கோ பாடசாலையே அத்தாட்சி கொடுத்துவிடுகிறது.

விளைவைப் பாருங்கள். வருடாந்த அறிக்கையில் வளர்ந்தோர் பகுதியில் பெண்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக நிற்கிறது. அதைக் காட்டி, “எங்கட ஊர்ப் பெண்கள் வாசிப்பதில்லை” என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். புதிய நூல்கள் வாங்கும்போது பெண்கள் கேட்பவை பட்டியலின் அடியில் போய்விடுகின்றன. வாசிக்கிறவர்களே வாசிக்காதவர்களாகக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டார்கள்!

அவர் இதைச் சொல்லி முடிக்க நான்கு நிமிடங்கள்கூட ஆகவில்லை. குரல் நடுங்கவும் இல்லை. ஆனால் கோவையில் இது 17ஆம் பக்கத்தில்தான் வருகிறது. அவருடைய வாசிப்பு வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம் பிடித்தது. 22 பக்கத்துக்கு 66 நிமிடம். மாநாட்டில் அவருக்குத் தந்திருப்பதோ 15 நிமிடம். கடிகாரப்படி பார்த்தால் ஐந்தாம் பக்கத்தோடு மணி அடித்துவிடும். அந்தத் தாய்மார் மண்டபத்துக்குள் வராமலேயே கூட்டம் கலைந்துவிடும்.

எங்கள் பழைய உலகத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. பக்தாதில் நூல் வியாபாரம் செய்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987 அளவில், ‘அல்-பிஹ்ரிஸ்த்’ என்ற பெரும் நூற்பட்டியலைத் தொகுத்தார். அரபு மொழியில் கிடைத்த நூல்களையெல்லாம் பத்துப் பகுதிகளில் அடக்கிய வேலை அது. இத்தனை பெரிய நூலுக்கு எவ்வளவு நீண்ட பாயிரம் எழுதியிருக்கலாம்? அவர் எழுதவில்லை. மனித மனம் முன்னுரைகளை அல்ல, முடிவுகளையே எட்டிப் பார்க்கிறது என்று காரணமும் சொல்லிவிட்டு, நேரே விஷயத்துக்குள் இறங்குகிறார். ஆயிரம் வருடங்களுக்கு முன் நூற்பட்டியல் செய்தவர் அறிந்திருந்ததை, மைக்கைக் கண்டதும் நாம் மறந்துபோகிறோம்.

ஆகவே பதிவேட்டைப் புரட்டிய அந்த நாளையே முதல் வாக்கியமாக வைக்கச் சொன்னேன். வரலாற்றுப் பக்கங்கள் ஒன்பதும் போயின. இன்னொரு பகுதியை வெட்டத்தான் அவருக்கு மனம் வரவில்லை. டூயி தசாம்சப் பகுப்பில் இஸ்லாத்துக்குரிய இலக்கம் 297. மதங்களுக்கென ஒதுக்கிய 200 முதல் 299 வரையான வகுப்பில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கே போய்விட்டது. 1876இல் அமெரிக்காவில் தொடங்கிய முறை அல்லவா? தமிழில் உள்ள இஸ்லாமிய நூல்களெல்லாம் அந்த ஒரே இலக்கத்தில் நெருக்கியடித்து நிற்பதை அவர் ஆறு பக்கங்களில் அருமையாக எழுதியிருந்தார். படிக்க எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் அது வேறொரு மாநாட்டுக்குரிய பேச்சு. 15 நிமிடத்துக்குள் இரண்டு பேச்சுகளைத் திணித்தால் இரண்டும் மூச்சுத் திணறும். அந்த ஆறு பக்கங்களையும் தனிக் கோவையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இனி, எனக்கு உண்மையில் கவலை தந்த இரண்டு விடயங்கள்.

அவர் திரையில் காட்டத் தயாரித்திருந்த படங்களில் ஒன்று, இரவல் பதிவேட்டின் ஒரு பக்கத்தின் நிழற்படம். பிள்ளைகளின் பெயர்கள், விலாசங்கள், எடுத்த நூல்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பிள்ளையின் பெயர் தெரிந்தால் தாயைத் தெரியாதா? கொழும்பு மண்டபத்தில் எங்கள் ஊரைச் சேர்ந்த ஒருவர் இருந்தால் போதும். ஒருத்தி கர்ப்பகால நூல் எடுத்ததும், இன்னொருத்தி மன அழுத்தம் பற்றிய நூல் எடுத்ததும் மறுநாள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனமான இஃப்லா 2012இல் வெளியிட்ட ஒழுக்கக் கோவையும் வாசகரின் அந்தரங்கத்தைக் காக்கும்படி சொல்கிறது என்று அவரே ஞாபகப்படுத்திக்கொண்டார். எண்ணிக்கை மட்டும் போதும், பெயர் வேண்டாம் என்று அந்தப் படத்தை அங்கேயே அழித்தார். “ஒரு அயலூரில் ஓர் ஆசிரியரின் மனைவி” என்று எழுதியிருந்த உதாரணத்தையும் எடுத்துவிட்டார். சின்ன ஊரில் அது பெயரைச் சொன்னதற்குச் சமம்.

மற்றது இன்னும் நுட்பமானது. சிறுவர் டிக்கட்டில் சிறுவர் நூல்கள்தான் கொடுக்கலாம் என்பது அங்குள்ள விதி. அப்படியானால் இந்த நூல்கள் எப்படி வெளியே போயின? இவர்தான் கொடுத்தார்! பிள்ளை நீட்டும் துண்டுக் காகிதத்தில் உம்மாவின் கையெழுத்தைக் கண்டால் மறுக்க மனம் வராது என்றார். மேடையில் இதைச் சொன்னால் விதியை மீறியதை ஒப்புக்கொண்டதாகும். சொல்லாமல் மறைத்தால் பேச்சில் உயிரே இல்லை. வரமாட்டேன் என்று எழுத நினைத்ததற்கும், ஸேரை வாசிக்கச் சொல்ல நினைத்ததற்கும் இதுதான் அடிக்காரணம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் ஒன்று மட்டும் சொன்னேன். உங்கள் மேலதிகாரி இதை மாநாட்டு மண்டபத்தில் முதன்முதலாகக் கேட்கக் கூடாது. போவதற்கு முன்பே கட்டுரையைக் கொடுத்து, நேரில் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்தாலும் அறைக்குள் கோபித்துக்கொள்ளட்டும். மறுவாரமே சொல்லிவிட்டார். ஸேர் நீண்ட நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “விதியை மாற்றச் சொல்லிக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டாராம். எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதியாகிவிட்டது.

பயம் பற்றியும் கொஞ்சம் பேசினோம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாகத் தந்தவர். அவருக்கு இளமையில் திக்குவாய் இருந்தது. தொழிலில் ஈடுபட்டபின் மெல்ல மெல்ல அதைக் கடந்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவருடைய விதிகளில் நான்காவது. கேட்பவரின் நேரத்துக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாமல்லவா?

நடைமுறைக் காரியங்கள் சிலவும் உண்டு. பேச்சைக் கண்ணால் வாசித்துப் பயிற்சி எடுக்காதீர்கள். மணிக்கூட்டை முன்னால் வைத்து, வாய்விட்டு, நின்றுகொண்டு சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு வாக்கியங்களை மனனம் செய்யுங்கள். நடுக்கம் இருப்பது அங்கேதான். மற்றவற்றைக் குறிப்புப் பார்த்துச் சொல்லலாம். பாமினி எழுத்துருவில் தயாரித்த தமிழ்ப் படங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது பீடிஎப் ஆக்குங்கள். பென் டிரைவ் இரண்டு கொண்டு போங்கள். எங்கள் சகோதரிகளுக்கு இன்னொன்று. உடையில் கொளுவும் சின்ன மைக் ஸ்கார்பில் உரசினால் மண்டபம் முழுக்கக் கரகரவென்று கேட்கும். நிற்கும் மைக்கோ கைமைக்கோ தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால், தேடிப் பார்த்து எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். தேடிக் கொடுப்பதுதானே நூலகரின் தொழில்! அப்படிச் சொன்னால் அனுப்பவும் வேண்டும்.

இவ்வளவும் பேசும்வரை அவருடைய உம்மா மூலையில் இருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார். மகளை ஒரு தடவை முழுவதும் சொல்லிக் காட்டச் சொன்னேன். முடிந்ததும் உம்மா கேட்டார்: “ஏன் மகள், அப்ப அந்தப் பொம்புளையளுக்கே டிக்கட் ஒண்டு குடுத்தா என்ன?”

மாநாட்டில் எழக்கூடிய முதல் கேள்வி அதுதான் என்று சொல்லி மூவருமாகச் சிரித்தோம். பிறகு அதற்குரிய பதிலை யோசிக்க அரை மணித்தியாலம் சென்றது. தாயின் அட்டைக்கும் பிள்ளையின் பாடசாலை அத்தாட்சியையே ஏற்றுக்கொள்ளலாம் என்பது உம்மா சொன்ன யோசனை. கடைசிப் பக்கத்தில் அதுவும் சேர்ந்தது.

கட்டுரை இப்போது நாலரைப் பக்கம். சொல்லி முடிக்கப் பதின்மூன்றரை நிமிடம் ஆகிறது. மாநாடு அடுத்த மாதம். இன்ஷா அல்லாஹ், முதல் நாளே கொழும்புக்குப் போய் ஒரு உறவினர் வீட்டில் தங்கி, காலையில் நேரத்தோடு மண்டபத்தைப் பார்த்துவிடுவார்கள். உம்மாவும் போகிறார். பின்வரிசையில் மணிக்கூட்டோடு இருந்து, பன்னிரண்டாவது நிமிடத்தில் கையை உயர்த்திக் காட்டுவாராம்.