சுவரை அளந்து வில்லையைத் தேர்க!

காணக் கிட்டாமை ஒரு குறை. பிறர் கோணலாய்க் காட்டியதையே உண்மை உருவென நம்பிவிடுதல் அதனினும் பெருங்குறை. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களைப் பொறுத்தமட்டில் தமிழர் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாவது குறையையே.

கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றில் அவ்வோவியங்கள் மறைந்திருந்ததை, 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எசு. கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். நாயக்கர் காலப் பூச்சின் அடியிலிருந்து சுந்தரரின் கயிலைச் செலவும், முப்புரம் எரித்த பெருமானின் சினக்கோலமும் மீண்டும் ஒளி கண்டன. ஆயினும் அச்சுற்றுக்குள் பொதுமக்கள் இயல்பாகச் சென்றுவர இசைவில்லை. ஆகவே ஒளிப்படமே அவர்தம் கண். அக்கண் பழுதுபடின், ஆயிரமாண்டுக் கலையே பழுதுடையதாகத் தோன்றும்.

இடமோ குறுகியது, சுவரோ உயர்ந்தது. இத்தகைய இடத்தில் படமெடுப்போர் முதலில் தேடுவது அகல்கோண வில்லையை. கருவியை மேல்நோக்கிச் சாய்த்து, முழுச் சுவரையும் ஒரே படத்துள் அடைக்க முயல்வர். விளைவு என்ன? கீழுள்ள உருவம் பருக்கும், மேலுள்ளது சிறுக்கும். சோழ ஓவியன் அளந்து வைத்த உறுப்பமைதி குலையும். அப்பிழை ஓவியனுடையதன்று, வில்லையினுடையதும் அன்று, எடுப்பவரின் பொறுமையின்மையால் நேர்வது.

கணக்கு எளிது. 36 மி.மீ. அகலச் சட்டமுள்ள கருவியில், 24 மி.மீ. வில்லை 6 அடித் தொலைவிலிருந்து 9 அடி அகலச் சுவரைக் கவரும். 50 மி.மீ. வில்லையோ 4 அடிக்குச் சற்றே மிகுதியாகக் கவரும். கவரும் பரப்புக் குறையக் குறைய, ஒவ்வொரு தூரிகைக் கோடும் படத்தில் பெரிதாகித் தெளியும். ஆதலின், கருவியைச் சாய்க்காது, உயரத்திற்கேற்பக் கருவியையே உயர்த்தி, சுவருக்கு நேர்முகமாய் நிறுத்துக. ஒன்றன் ஓரம் மற்றொன்றில் படியுமாறு பகுதி பகுதியாய் எடுத்து இணைத்திடுக.

அடுத்தது குவியம். கருவி தானே குவியம் தேடும் ஏற்பாடு இருளில் தடுமாறும். அங்குக் கையே துணை. திரையில் படத்தைப் பெருக்கி, ஓவியத்து விழியொன்றின் கோடு கூர்மையுறும் வரை வில்லையைத் திருப்புக. குவியம் ஒரு தளத்தில் அமைவது. கருவி சுவருக்கு இணையாக நின்றால் அத்தளம் சுவரெங்கும் படியும். திரும்பி நின்றால் ஒருபுறம் தெளிந்து மறுபுறம் மங்கும். வில்லையின் துளையைச் சுருக்கினால் தெளிவின் ஆழம் கூடும். மிகச் சுருக்கினாலோ ஒளி விளிம்பில் வளைந்து கூர்மை கெடும். நடுத்தரத் துளையே நன்று. குறையும் ஒளியை நேரத்தால் ஈடுசெய்க. முக்காலி அதற்கெனவே உள்ளது.

இஃது இயலாதென்பார்க்கு 1858-ஆம் ஆண்டு விடை கூறும். அவ்வாண்டில் இலின்னேயசு திரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், இதே கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளத் தொடராக்கினார். அவரிடம் இருந்தவை சுமைமிக்க கருவியும் மெழுகுத்தாளுமே. அயலார் ஒருவர்க்கு இருந்த அப்பொறுமை, அவ்வெழுத்துக்கு உரிமையுடைய மக்களிடம் இல்லாது போகலாமா?

காவிரி நாட்டில் நாற்று நடுவோர் வயலை ஓரெட்டில் தாண்டுவதில்லை. பிடி பிடியாய் நட்டே நிரப்புவர். படமெடுக்கும் இளைஞரும் அவ்வாறே செய்க. விலைமிக்க வில்லையைத் தேடுமுன் சுவரை அளந்தறிக. காண்போர் எடுத்தவரின் திறத்தை அன்று, தீட்டியவனின் திறத்தைக் காணட்டும்!